அண்ணனின் ஐந்தாம் வகுப்பு

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஐம்பத்தோரு வாரங்கள்தான் இருந்தன. அம்மா அப்படித்தான் கோடு போட்டிருந்தாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாக இருக்கும், அல்லது அதற்கு அடுத்த வருஷம். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில், ஒரு பெரிய தோட்டத்துக்குள் எங்கள் வீடு இருந்தது. கிராம்பு, சாதிக்காய், மங்குஸ்தான், மிளகு எல்லாம் விளைகிற தோட்டம். அப்பா அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர். முதலாளி வருஷத்துக்கு ஒருமுறை காரில் வந்து, நாலு பழம் தின்றுவிட்டு, மழையைக் குறை சொல்லிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் தோட்டம் எங்களுடையது மாதிரிதான். பள்ளிக்கூடத்துக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம் கிடந்தது. மலையில் மழை பெய்தால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும்.

முந்தின வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் அண்ணன் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்பதால் நான் அன்று போகவில்லை. எங்கள் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது; மலையில் பெய்தது யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் தேடினார்கள். தென்காசிக்குக் கிழக்கே ஒரு மடையில் அவன் பை மட்டும் சிக்கிக் கிடந்தது. பைக்குள் கணக்குப் புத்தகமும் சிலேட்டும் இருந்தன. சிலேட்டு உடையவில்லை. துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அவனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

அதற்குப் பிறகு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஒன்றிரண்டு மாதம் அப்பாவும் அதை அப்படியே விட்டுவிட்டார். கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் தென்காசியில் இருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சைக்கிளில் வருகிறபோதே பேச ஆரம்பித்து, திரும்பிப் போகும்போது தோட்டத்து வாசல் தாண்டியும் பேசிக்கொண்டு போகிறவர். அவர்தான் பஞ்சாயத்துப் பண்ணினார்.

"அத்தான், அக்காவும் டிரெய்னிங் முடிச்சவதான. கல்யாணத்துக்கு முந்தி பாளையங்கோட்டையில ரெண்டு வருஷம் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தவதான. அஞ்சு வரைக்கும் அவ இங்கனயே வச்சுச் சொல்லிக் குடுக்கட்டும். அஞ்சு முடிச்ச பிள்ளை ஆத்தைத் தாண்டட்டும். அதுக்குள்ள அங்கன ஒரு நல்ல பாலம் கெட்டிருவான்."

"எவன் கெட்டுவான்?" என்று அப்பா கேட்டார்.

"ஓட்டுக் கேட்டு வந்தாம்லா, அவன் கெட்டுவான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அஞ்சு முடிச்ச பிள்ளைய நானே கூட்டிட்டுப் போயி அந்தப் பக்கம் விடுதேன். முடிக்கட்டும்" என்றாள்.

அப்படி முடிவானது. அஞ்சு முடித்தால் ஆற்றைத் தாண்ட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அதுதான் சட்டம்.

அன்று சாயங்காலமே அம்மா வருஷத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்துவிட்டாள். பார்சல் சுற்றி வந்த காக்கித்தாள்கள் நான்கை மைதாப் பசையில் ஒட்டிப் பெரிதாக்கினாள். அதைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் சாதிக்காய் வைத்தாள். மாமா கொடுத்திருந்த, ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமான பென்சிலால் கோடு போட்டாள். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளை அடைத்தாள். அடுத்து கோயில் நாட்கள்: லெந்து என்கிற தவக்காலம், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்மஸ். அப்புறம் அப்பாவின் தோட்ட டைரியைப் பார்த்து, கிராம்பு மொட்டுப் பறிக்கிற வாரங்களில் காலைப் பாடத்தை மத்தியானத்துக்கு மாற்றினாள். அந்த வாரங்களில் எல்லாக் கையும் மரத்தடியில் வேண்டும்.

சாரல் மாதங்களுக்கு அவள் தனியாக யோசித்தாள். ஆனி, ஆடி, ஆவணியில் எங்கள் வீட்டில் எதுவும் காயாது. சிலேட்டில் ஈரம் படர்ந்து குச்சி வழுக்கும். தாளில் எழுதினால் மை ஊறிவிடும். அதனால் அந்த மூன்று மாதமும் எழுத்து வேலை கிடையாது என்று முடிவு செய்தாள். வாய்ப்பாடு, வசன மனப்பாடம், மனக்கணக்கு, பாட்டு. புரட்டாசியில் எழுத்து மறுபடி தொடங்கும். டிசம்பரில் பரீட்சை. ஒரு பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் பார்த்தால் கூட மெச்சிக்கொள்ளும் திட்டம் அது.

கட்டம் போட்டுக்கொண்டே ஐப்பசிக்கு வந்தபோது பென்சில் நின்றது. ஒரு வாரத்துக்கு மட்டும் அவள் கட்டம் போடவில்லை. விடுமுறை என்றும் எழுதவில்லை, அடிக்கவும் இல்லை. அதற்கு முந்தின வாரத்தை ஒட்டியே அதற்கு அடுத்த வாரத்தின் கட்டத்தைப் போட்டுவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நான் எண்ணிப் பார்க்கிற பிள்ளை.

பிறகு ஒவ்வொரு வாரத்தையும் குறுக்கே பிரித்தாள். என் தம்பிக்கு ஒரு வரிசை, ஒன்றாம் வகுப்பு. அதற்கு மேலே எனக்கு ஒரு வரிசை, மூன்றாம் வகுப்பு. அதற்கு மேலே இன்னொரு வரிசை. அதில் ஐந்து என்று எழுதினாள்.

"அக்கா, அது யாருக்கு?" என்று மாமா கேட்டார்.

"பெரியவனுக்கு."

"ஏ அக்கா..."

"வந்தாம்னா பிந்திப் போயிருவாம்லா. மத்த பிள்ளைய எல்லாம் மேல போயிரும். இவனுக்கு ஒரு வருசம் வீணாப் போயிரும்." சாதாரணமாகத்தான் சொன்னாள். பால்காரர் நாளைக்கு வராவிட்டால் காபிக்கு என்ன செய்வது என்று சொல்வது போல.

ஒரு நாளும் பேச்சை நிறுத்தாத மாமா எழுந்து வெளியே போனார். கழன்று போகாத சைக்கிள் சங்கிலியைக் கொஞ்ச நேரம் சரி செய்துகொண்டிருந்தார்.

வருஷப் பிறப்பன்று கோயிலில் இருந்து வந்ததும் வேத வசனம் எழுதிய அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு ஒன்று எடுப்பது எங்கள் வழக்கம். யாருக்கு எந்த வாக்குத்தத்தம் வருகிறதோ அது அவருக்கு அந்த வருஷம் முழுவதும். அப்பா எடுத்தார், நான் எடுத்தேன், தம்பி இரண்டு எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தான். அம்மா தனக்கு ஒன்று எடுத்தாள். பிறகு, வேறு யாரோ கை நீட்டிக் காத்திருப்பது போலக் கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று எடுத்தாள். அதை அவள் வாசிக்கவில்லை. அண்ணனின் சிலேட்டுச் சட்டத்தில் செருகி வைத்தாள்.

பாடம் நடந்தது கூடத்தில். சுவரோரம் ஒரு நீளப் பலகை. ஜன்னல் பக்கம் தம்பி, நடுவில் நான், கதவுப் பக்கம் அண்ணனின் சிலேட்டு. அம்மா காலையில் மூன்று சிலேட்டிலும் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். தோட்டத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆட்களைச் சாப்பிட விடும்போது அதை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சிலேட்டுகளைத் திருத்துவாள்.

முதல் பத்து நாள் அண்ணன் சிலேட்டு வெறுமையாக இருந்தது. கேள்வி மட்டும் இருக்கும். அம்மா எடுத்துப் பார்ப்பாள், திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பாள், "சரி, நாளைக்கு" என்று சொல்லி வைத்துவிடுவாள். பிறகு சாப்பிட மாட்டாள். எங்களுக்குப் போட்டுவிட்டுப் பின்வாசலில் ஆற்றுப் பக்கம் பார்த்து நிற்பாள். என் தலையை அவள் சீவிவிட்டுப் பல நாள் ஆகியிருந்தது. சடையில் சிக்கு விழுந்து கையால் பிரிக்க முடியாமல் போயிருந்தது.

பதினோராம் நாள் நான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

வெறும் பெருக்கல். அண்ணன் இடக்கைக்காரன். அவன் எழுத்துகள் எல்லாம் பின்பக்கம் சாய்ந்து, காற்றில் அகப்பட்ட ஆட்கள் மாதிரி இருக்கும். நானும் குச்சியை இடக்கையில் பிடித்துக்கொண்டு எழுதினேன். தம்பி வெளியே ஓணான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு விளையாட்டுமில்லை, ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அம்மா சாப்பிட வேண்டும் என்பதுதான்.

தண்டவாளம் அடித்தது. அம்மா வந்தாள். சிலேட்டை எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மூலையில் 'சரி' போட்டாள். அன்று அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு தரம் ரசம் ஊற்றிக்கொண்டாள். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து இரட்டைச் சடை போட்டுவிட்டாள்.

மறுநாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. இனிமேல் அப்படிச் செய்யக்கூடாது என்று நினைத்து, என் கணக்கை முடித்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். தண்டவாளச் சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தோம்.

அண்ணன் சிலேட்டில் மூன்று கணக்கும் போடப்பட்டிருந்தன.

எழுத்துகள் பின்னால் சாய்ந்திருந்தன. நான் எழுதியது போல முயன்று சாய்த்தவை இல்லை, தாமாகவே சாய்ந்தவை. கீழ்ப்பக்கம் விரலால் அழித்துத் திரும்ப எழுதிய இடத்தில் ஈரம் இருந்தது. அவன் எச்சில் தொட்டுத்தான் அழிப்பான். அம்மா எத்தனையோ தரம் அதற்காக அவனை அடித்திருக்கிறாள்.

"பாத்தியாட்டி, மூணையும் போட்டுட்டான்" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

அவன் எங்கே போயிருந்தானோ, அங்கேயே இருந்திருப்பான். நான்தான் ஒரு நாள் அவனுக்காக எழுதி, வீட்டில் அவனுக்கு இடம் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டேன். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து கதவுப் பக்கத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் குறுகி உட்காருவது இன்றைக்கும் என் பழக்கம். கோயிலில் பெஞ்சில் இடம் நிறைய இருக்கும்போது கூட.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நான் எதையும் யாரிடமும் சொல்லுகிற பிள்ளை இல்லை. அப்பாவும் அந்தச் சிலேட்டைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டார். கூடத்தைக் கடக்கும்போது மட்டும், ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் எப்படி ஒதுங்கிப் போவோமோ அப்படிக் கொஞ்சம் ஒதுங்கிப் போவார்.

சாரல் வந்தது. திட்டப்படி எழுத்து நின்றது, வாய்ப்பாடு தொடங்கியது. அதனால் தொந்தரவு தீரும் என்று நினைத்தேன். சிலேட்டில் எழுதலாம், வாயால் எப்படிச் சொல்ல முடியும்?

அம்மா வரிசையாகக் கேட்டாள். தம்பி இரண்டாம் வாய்ப்பாடு சொன்னான். நான் ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். "ம், பெரியவன். பதிமூணு" என்றாள் அம்மா.

ஓட்டில் சாரல் விழுகிற சத்தம். அதற்கு அப்பால் அருவியின் சத்தம். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், பதினாறு பதிமூன்று என்று நான் முடிக்கும்போது அவளும் தலையை ஆட்டி, "ம். சரி" என்றாள்.

சில நாள், நடுவில் கையை உயர்த்தி, "தப்பு. எட்டுல இருந்து திரும்பச் சொல்லு" என்பாள். மறுபடி காத்திருப்பாள்.

தம்பிக்கு இதிலெல்லாம் பயமே இல்லை. அவனுக்கு ஐந்து வயது. "யம்மா, இப்ப அண்ணன் முறை" என்று அவனே எடுத்துக் கொடுப்பான். ஒரு நாள் அம்மா திருத்தியபோது, "இல்லம்மா, அண்ணன் சரியாத்தான் சொன்னான்" என்று வாதாடினான். அம்மா யோசித்துவிட்டு, "அப்படியா? மழைச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல" என்றாள்.

புரட்டாசியில் சிலேட்டுகள் மறுபடி வந்தன. ஒரு நாள் காலையில் நான் கணக்கை முடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டதால் திரும்பி வந்து, கூடத்து ஜன்னலுக்கு வெளியே இறவாரத்தில் ஒதுங்கி நின்றேன். தற்செயலாக உள்ளே பார்த்தேன்.

பலகையில், கதவுப் பக்கம், அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அம்மா எப்போதும் காலை மடித்து, சேலையை இழுத்து மூடித்தான் உட்காருவாள். இப்போது ஒரு காலை மடித்து, ஒரு முழங்காலைத் தூக்கி, அதன்மேல் முகவாயை வைத்திருந்தாள். குச்சி இடக்கையில் இருந்தது. நாக்கின் நுனி உதட்டோரம் நீண்டிருந்தது. எழுதினாள், எச்சில் தொட்டு அழித்தாள், மறுபடி எழுதினாள். நடுவில் ஜன்னலுக்கு வெளியே விளையாடப் போகிற ஆசையோடு பார்த்தாள். நேரே என்னைத்தான் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

முடித்ததும் எழுந்து, இடக்கையைக் கால்சட்டையில் துடைப்பது போலச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் அடித்தது. வலக்கையில் கரண்டியோடு வந்தாள். சிலேட்டை எடுத்தாள்.

"அடியே, இங்க வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் நனைந்து போய் உள்ளே வந்திருந்தேன். "இன்னைக்குப் பின்னக் கணக்கு கூடப் போட்டிருக்கான்." அவள் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. அம்மாவுக்கு நடிக்க வராது. கிறிஸ்மஸ் நாடகத்தில் ஒருமுறை மேய்ப்பனாக வந்து, தேவதூதனைப் பார்த்துத் திகைக்க வேண்டிய இடத்தில் சிரித்து, நாடகத்தையே கெடுத்தவள் அவள்.

அதுவரை அண்ணனுக்குத்தான் நான் பயந்திருந்தேன்.

அந்த வாரம் மாமா வந்தபோது வாசல்வரை அவர் கூடவே போனேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் அல்லவா. "இதுக்குப் போயி பயப்படுதியாட்டி மருமவளே? சட்டம் என்ன? அஞ்சு முடிச்சா ஆத்தைத் தாண்டணும். டிசம்பர்ல பரீட்சை இருக்குல்லா? தேறிட்டாம்னா பையைத் தூக்கிட்டு அவம்பாட்டுக்குப் போயிருவான். அப்புறம் வீட்டுல உங்க அம்மாவும் நீயும் நிம்மதியா இருங்க."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். அன்று வாசலுக்கு அப்பால் அவர் குரல் கேட்கவில்லை.

அவர் சமாதானத்துக்குச் சொன்னதை நான் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். அண்ணன் தேற வேண்டும். தேறினால் போய்விடுவான். போய்விட்டால் அம்மா முழுவதும் அம்மாவாக இருப்பாள். பரீட்சையன்று அம்மா அவனாக உட்கார்ந்து எழுதுவாளா, எழுதினாலும் தேறும்படி எழுதுவாளா, எதையும் நம்ப முடியாது. அவன் நிறையத் தப்புப் போடுகிற ஆள். நானே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆனால் நான் மூன்றாம் வகுப்பு.

ஆற்றில் போய் வந்த அவன் கணக்குப் புத்தகம் அலமாரியில் இருந்தது. தாள்கள் காய்ந்து, முறுக்கிக்கொண்டு, அப்பளம் மாதிரி நொறுங்கும். மத்தியானங்களில் அதை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடிகளுக்குள் போய் உட்காருவேன். வகுத்தல் புரிந்தது. பின்னம் புரியவில்லை. அம்மாவிடம் கேட்க முடியாது. ஒரு நாள் அப்பாவிடம், "எட்டுல ஒரு பங்குன்னா என்னப்பா?" என்று கேட்டேன்.

அப்பா ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்தார். அதன் அடியில் பூப்போல இருக்கிற இதழ்களை எண்ணச் சொன்னார். எட்டு. பிறகு அழுத்தி உடைத்தார். உள்ளே எட்டுச் சுளை. "முழுப் பழம் ஒண்ணு. இந்தச் சுளை எட்டுல ஒண்ணு. நீ இதைத் தின்னுட்டா மிச்சம் எட்டுல ஏழு" என்று என் வாயில் ஒரு சுளையை வைத்தார். "மூணாங் கிளாசுக்கு இதெல்லாம் வருதா?" என்று கேட்டார். நான் இன்னொரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவரும் மேலே கேட்கவில்லை.

இப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஐப்பசி வந்தது. அந்த வாரமும் வந்தது. கட்டம் இல்லாத வாரம்.

திங்கட்கிழமை காலையில் அம்மா அடுப்பை மூட்டவில்லை. சுவரில் இருந்த திட்டத்தின் முன்னால் போய் நின்றாள். முடிந்த கட்டத்தில் விரலை வைத்தாள். அடுத்த கட்டத்தில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள்.

அப்பா போய் அடுப்பை மூட்டினார்.

அந்த ஏழு நாளும் எங்கள் வீட்டில் பாடம் இல்லை, விளையாட்டும் இல்லை. தண்டவாளம் அடித்தது, யாரும் எழுந்து வரவில்லை. அப்பாதான் கஞ்சி வைத்தார். அம்மா பலகையில் எங்கள் இரண்டு பேர் இடத்திலும் அண்ணன் இடத்திலும் மாறி மாறி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசினால் ஒரு நொடி கழித்துத்தான் அவளுக்குக் கேட்டது. ஆறு ஏறிக்கொண்டிருந்த சத்தம் பின்வாசலுக்கு நேராகக் கேட்டது. அப்பா அந்தக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் அம்மா குளித்து, தலை சீவி, மூன்று சிலேட்டிலும் கணக்கு எழுதினாள். முந்தின பாடம் நடந்து ஒரே ஒரு ஞாயிறுதான் போனது போல இருந்தாள்.

டிசம்பரில் பரீட்சை. அம்மா தைத்து வைத்திருந்த வெள்ளைத்தாள்களை மூன்று இடத்திலும் வைத்தாள். கேள்விகளை அவளே எழுதியிருந்தாள். "யாரும் யாரைப் பாத்தும் எழுதக்கூடாது. பன்னெண்டு மணிக்கு வாங்குவேன்" என்று எல்லோரிடமும் சொன்னாள். கதவுப் பக்கம் பார்த்தும் சொன்னாள். கேக்குக்கு மாவு சலிக்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் என் தாளை அவசரமாக முடித்தேன். பிறகு நகர்ந்து அண்ணன் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏ, அது அண்ணன் தாள்லா" என்றான் தம்பி.

"அவனுக்குக் கை வலிக்காம். என்னைய எழுதச் சொன்னான்."

தம்பி யோசித்துப் பார்த்தான். நியாயமாகப் பட்டது. "சீக்கிரம் எழுது. அம்மா வந்துருவா" என்று சொல்லிவிட்டு, காவலுக்கு அடுப்படிப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

ஐந்து கணக்குகள். கடைசிக் கணக்கு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஒரு தோட்டத்தில் இருபத்து நான்கு வரிசை. ஒரு வரிசைக்கு முப்பத்தாறு கிராம்பு மரம். காற்றில் எட்டில் ஒரு பங்கு மரம் விழுந்துவிட்டது. மிச்சம் நிற்கிற மரம் எத்தனை?

இடக்கைக்கு மாறினேன். எழுத்துகளைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து எழுதினேன். மங்குஸ்தானை நினைத்துக்கொண்டேன். கடைசி எண்ணை எழுதவும் தண்டவாளம் அடிக்கவும் சரியாக இருந்தது.

அம்மா தம்பியின் தாளை முதலில் திருத்தினாள். அம்மா மார்க் விஷயத்தில் கண்டிப்பானவள். அரை மார்க் கூட இரக்கப்பட்டுப் போடமாட்டாள், அரை மார்க் கூடப் பிடிக்கவும் மாட்டாள். தம்பி தேறினான். நானும் தேறினேன். பிறகு அண்ணனின் தாளை எடுத்தாள்.

வாசித்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பப் போய் மறுபடி வாசித்தாள். சிவப்பு முனையைத் தாளில் வைத்தாள், எடுத்தாள். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்தவர்கள் விடுவது போல. பிறகு பென்சில் தாளில் அழுந்தி இழுக்கப்படுகிற சத்தம் கேட்டது. ஒரு கோடு. அதற்குக் குறுக்கே ஒரு கோடு. ஐந்து முறை.

"பெரியவன் தேறல" என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அவரிடமும் அதையே சொன்னாள். அன்று வந்திருந்த மாமாவிடமும் சொன்னாள். "தேறலன்னா என்ன, ஒண்ணும் குடி முழுகிப் போகாது. இன்னும் ஒரு வருசம் வீட்டுலதான இருக்கப் போறான்."

அப்பா அந்தத் தாளை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். தோட்டத்து மரங்களை வரிசை வரிசையாக மனதுக்குள் வைத்திருக்கிறவர் அவர். கடைசிக் கணக்கில் அவர் விரல் நின்றது. அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலையில் வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அம்மா புதுக் காக்கித்தாளை விரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளை அடைக்கும்போது ஒரு கிறிஸ்மஸ் பாட்டை மெதுவாகப் பாடினாள். பாடத்துக்கு இல்லாமல் அவள் தானாகப் பாடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தம்பிக்கு இரண்டு, எனக்கு நான்கு. மேல் வரிசையில் ஐந்து என்று எழுதி, அதைச் சுற்றி நீலப் பென்சிலால் அழகாக ஒரு வட்டம் போட்டாள்.

எனக்கு அழுகையாக வந்தது. அவனை அனுப்ப முடியவில்லையே என்ற அழுகை பாதி. கிராம்பு மொட்டுப் பறிக்காமல், ஓணான் பார்க்காமல், மூன்று மாதம் கொடிக்குள் உட்கார்ந்து படித்த கணக்கு தப்பாகிவிட்டதே என்ற அழுகை மீதி.

மறுநாள் அம்மா கிணற்றடிக்குப் போயிருந்த நேரம், பெட்டிக்குள் இருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். புளியங்கொட்டை டப்பாவைக் கவிழ்த்தேன். முப்பத்தாறு முப்பத்தாறாக இருபத்து நான்கு வரிசை வைக்கக் கொட்டை போதவில்லை. வரிசை வரிசையாக வைத்து, எண்ணி, கரியால் தரையில் எழுதி, அதே கொட்டைகளை எடுத்து மறுபடி வைத்தேன். எண்ணூற்று அறுபத்து நான்கு வந்தது. அதை எட்டாகப் பங்கு போட்டேன். நூற்றெட்டு வந்தது. கழித்தேன். எழுநூற்று ஐம்பத்தாறு.

தாளிலும் எழுநூற்று ஐம்பத்தாறு என்றுதான் இருந்தது. அதன் மேல் சிவப்புக் கோடுகள் இரண்டு. அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருந்தது.

அம்மா தப்புத் திருத்தமாட்டாள். அப்படியானால் நான்தான் எங்கோ விட்டிருக்கிறேன். கரிக்கோடுகளை ஈரக் கையால் அழித்துவிட்டு, கொட்டைகளை முதலில் இருந்து எண்ண ஆரம்பித்தேன்.